வீட்டிலும் வார்டிலும் சாட்சி சொல்வது: ஃபீனிக்ஸ் சகோதரிக்கு ஒரு பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அரசு மருத்துவமனையில் நர்ஸ். போன வருடம் ஞானஸ்நானம் எடுத்தவர். அம்மாவும் பெரியம்மாவும் மாரியம்மன் பக்தர்கள், ஆடி மாதம் தவறாமல் கூழ் ஊற்றுகிறவர்கள். சபையிலோ, கிறிஸ்துவைப் பற்றி வெட்கப்படாதே, பார்க்கிற எல்லாரிடமும் சொல் என்று ஞாயிறுதோறும் பிரசங்கம். வார்டில் நோயாளிகளிடம் சொல்லலாமா, சுவிசேஷக் கைப்பிரதி கொடுத்தால் வேலை போகுமா, தீபாவளிக்குக் குடும்பம் கூடும்போது எழுந்து, கர்த்தர் எனக்கு இன்னது செய்தார் என்று சாட்சி சொல்லலாமா, படைத்த பலகாரத்தைச் சாப்பிடலாமா என்று நாலு கேள்வி. நாலுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: பேசாமல் இருந்தால் கர்த்தரை மறுதலித்தவளாகி விடுவேனோ, பேசினால் அம்மாவை இழந்துவிடுவேனோ.

சகோதரி, எங்கள் ஊரில் இருந்து தமிழில் எழுதிக் கேட்பவர்கள் இப்போது குறைவு. அதற்கே முதலில் சந்தோஷம். நான் டர்பன் பக்கம் சபை ஊழியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவமனைகளில் படுக்கை படுக்கையாகப் போய் ஜெபித்ததும், இளம் ஊழியக்காரர்களுக்குச் சாட்சி சொல்வதைப் பற்றி வகுப்பெடுத்ததும்தான் என் கைமுதல். வக்கீல் இல்லை. சட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன். உங்கள் மேல் புகார் என்று ஏதாவது கிளம்பினால் என் பதிலைக் காட்டாதீர்கள், தொழிற்சங்கத்தைப் பாருங்கள்.

சந்தேகமில்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் மதமாற்றத் தடைச் சட்டம் என்று ஒன்று கிடையாது. இந்தியாவில் சில மாநிலங்களில் இருப்பதால், அங்கிருந்து சுற்றி வரும் வாட்ஸ்அப் செய்திகளைப் பார்த்துவிட்டு இங்கேயும் சிலர் பயப்படுகிறார்கள். நம் 1996 அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவு மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் கருத்துக்கும் சுதந்திரம் கொடுக்கிறது. அந்தச் சுதந்திரம் எதுவரை போகும் என்பதை அரசியல் சாசன நீதிமன்றம் 1997இல் ஒரு வழக்கில் பேசியது. ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடையில் வைன் விற்கலாமா என்ற வழக்கு அது, வேடிக்கைதான். தன் விசுவாசத்தைப் பயமில்லாமல் வெளிப்படையாக அறிவிப்பதும், அதைப் போதித்துப் பரப்புவதும் மதச் சுதந்திரத்துக்குள் வரும் என்ற விளக்கத்தை அங்கே ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே கடற்கரையிலோ டாக்ஸி ராங்க் பக்கத்திலோ நின்று சுவிசேஷம் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. மதத்தின் பேரில் வெறுப்பைக் கிளப்பித் தீங்கு செய்யத் தூண்டும் பேச்சுக்கு மட்டும் 16ஆம் பிரிவு பாதுகாப்புக் கொடுப்பதில்லை.

ஆனால் உங்களைக் காக்கிற அதே பிரிவுதான் உங்கள் அம்மாவையும் காக்கிறது. டர்பனில் ஒரு பெண்கள் பள்ளியில் படித்த நம் பிள்ளை ஒருத்தி மூக்குத்தி போட்டு வந்ததற்குப் பள்ளி தடை போட்டது நினைவிருக்கும். 2007இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தப் பிள்ளையின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மதம் கட்டாயப்படுத்தாத, ஒருவர் தானாக விரும்பிச் செய்கிற வழக்கத்துக்கும் மதிப்பு உண்டு என்றது. நம் சபை ஆட்கள் 15ஆம் பிரிவை எடுத்துப் பேசும்போது அந்த மூக்குத்தியையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

உரிமை இருக்கிறது, சரி. எங்கே பேசுவது, எங்கே வாயைக் கட்டுவது? நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த அளவுகோல் ஒன்றே ஒன்று: கேட்கிறவர் எழுந்து போக முடியுமா? கடற்கரையில் பிடிக்காதவர் நடந்து போய்விடுவார், அவருக்கு நஷ்டமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டருகே நின்று பேசிவிட்டு உள்ளே போய்விடலாம். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை போக முடியாது. அதனால்தான் 2003இல் வந்த தேசியக் கொள்கை, அரசுப் பள்ளிகள் எந்த மதத்துக்கும் ஆள் சேர்க்கக் கூடாது என்றது. 2017இல் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றமும், அரசுப் பள்ளி ஒன்று ஒரே மதத்தின் பள்ளியாகத் தன்னைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. மேலதிகாரி முன்னால் நிற்கும் வேலையாள் போக முடியாது. கையில் சலைன் ஏறிக்கொண்டிருக்கும் நோயாளியால் சத்தியமாகப் போக முடியாது.

வார்டைப் பற்றி உங்களுக்கு என் பதில் இதிலேயே வந்துவிட்டது. நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் அவர்களுக்கு ஊசி போடுகிறவர், பெட்பான் கொண்டுவருகிறவர், வலி மாத்திரை எப்போது வரும் என்று அவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நிலையில் ‘இயேசுவை ஏற்றுக்கொள்கிறீர்களா’ என்று நீங்கள் கேட்டால் ஆமாம் என்றுதான் பலர் சொல்வார்கள். அந்த ஆமாமை நான் நம்ப மாட்டேன். வீட்டுக்குப் போனதும் அவர்கள் அதை என்ன சொல்லிப் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அப்புறம் அவர்கள் வீட்டு வாசலுக்குப் போனவன் நான். வேலைச் சட்டமும் இதில் கவனமாகத்தான் இருக்கிறது. 1998 வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் மதத்தின் பேரில் பாகுபாட்டைத் தடுக்கிறது, தொந்தரவு செய்வதையும் பாகுபாட்டின் ஒரு வகையாகவே கணக்கிடுகிறது. 2022இல் வேலையிடத் தொந்தரவைப் பற்றித் தனியாக ஒரு நடத்தை விதித் தொகுப்பும் வந்தது. கூட வேலை செய்கிற நர்ஸ் வேண்டாம் என்று சொன்ன பிறகும் நீங்கள் விடாமல் வசனம் அனுப்பிக்கொண்டிருந்தால் அதைச் சாட்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அவர்களே கேட்டால்? அது வேறு விஷயம். நம் ஜனங்கள் கேட்பார்கள். ‘நர்ஸ் பிள்ளை, நீ சர்ச்சுக்குப் போறவளா, எனக்காக ஒரு வார்த்தை ஜெபம் பண்ணு’ என்று பாட்டி வயது ஆயாமார் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பேதுரு முதலாம் நிருபம் 3:15 இதற்கென்றே எழுதியது போல இருக்கும்: ‘உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்.’ கேட்கிறவருக்குச் சொல், அதையும் சாந்தமாகச் சொல். இரண்டு நிமிடம், தாழ்ந்த குரலில், பக்கத்துப் படுக்கைக்குக் கேட்காமல் ஜெபியுங்கள். உங்கள் மருத்துவமனையில் இதற்கு விதி என்ன என்பதை மட்டும் முன்கூட்டியே வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், இடத்துக்கு இடம் மாறும். இன்னொன்று: இந்து நோயாளிக்குப் பூசாரியையும், முஸ்லிம் நோயாளிக்கு மௌலானாவையும் வரவழைக்க நீங்களே முன்னின்று போன் பண்ணுங்கள். இதைச் செய்கிற கிறிஸ்தவ நர்ஸைப் பற்றித்தான் ஜனங்கள் வெளியே போய்ப் பேசுகிறார்கள்.

குணமாக்குதலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நர்ஸ் என்பதால் சொல்லியே ஆக வேண்டும். நான் ஜெபத்தில் சுகம் உண்டு என்று விசுவாசிக்கிறவன். பார்த்தும் இருக்கிறேன், அல்லது பார்த்ததாக நினைக்கிறேன். அது என் விசுவாசம், உங்களுக்கு அத்தாட்சியாக அதை வைக்க மாட்டேன். ஆனால் நம் சமுதாயத்தில் சர்க்கரை நோய் இல்லாத வீடு அபூர்வம். ‘விசுவாசத்தோடு’ இன்சுலினை விட்டுவிட்டுக் காலை இழந்தவரையும் நான் வார்டில் பார்த்திருக்கிறேன். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மருந்தை நிறுத்தச் சொல்கிற சாட்சி பொய்ச் சாட்சி. 2011இல் உலகத் திருச்சபைகள் மன்றமும் வத்திக்கானும் உலக சுவிசேஷக் கூட்டணியும் சேர்ந்து, பல மதத்தார் நடுவே கிறிஸ்துவைச் சாட்சியாக அறிவிப்பது எப்படி என்று ஒரு பரிந்துரை வெளியிட்டன. கத்தோலிக்கரும் சுவிசேஷக்காரரும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போடுவதே அதிசயம். வறுமையையும் இல்லாமையையும் பயன்படுத்திக்கொண்டு ஆள் பிடிக்கக் கூடாது, குணமாக்கும் ஊழியத்தில் நோயாளியின் பலவீனத்தைச் சுரண்டக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. உங்கள் பாஸ்டருக்கு அதை வாசிக்கக் கொடுங்கள்.

இனி வீடு. இதுதான் கஷ்டமான பாடம். நீங்கள் வாயைத் திறக்கும்போது அம்மா உங்கள் குரலை மட்டும் கேட்பதில்லை, மூன்று தலைமுறைக் கதையையும் சேர்த்துக் கேட்கிறார். கிறிஸ்தவம் நம்மிடையே நேற்று வந்ததில்லை. 1860இல் சென்னையில் இருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனுக்குத் தோட்ட வேலைக்கென்று வந்து இறங்கிய 342 பேரிலேயே கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். 1862இல் வந்த மெதடிஸ்ட் மிஷனரி ரால்ப் ஸ்டாட் இலங்கையில் ஊழியம் செய்து தமிழ் கற்றவர். 1903இல் நெல்லூரில் இருந்து வந்த ஜான் ரங்கையா ஒரு தெலுங்கர். அங்கிருந்த தெலுங்கு பாப்டிஸ்டுகளே தங்கள் ஆளாக அனுப்பி வைத்தவர். கரும்புத் தோட்டங்களில் நடந்து நடந்து சபை கட்டினார். ‘வெள்ளைக்காரன் மதம்’ என்று பெரியம்மா சொன்னால் ரங்கையாவைப் பற்றிச் சொல்லுங்கள், ஆனால் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அப்போதெல்லாம் கிறிஸ்தவர்கள் ஒரு சின்னக் கூட்டம். பெரிய பெருக்கம் பெந்தெகொஸ்தேயோடுதான் வந்தது. 1931இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ரோலண்ட்ஸ் என்ற ஊழியக்காரர் ஆரம்பித்த பெதஸ்தா சபையில் தொடங்கி, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950 குரூப் ஏரியாஸ் சட்டம் குடும்பங்களைப் பிய்த்துப் போட்ட பிறகு வேகம் பிடித்தது.

டர்பனில் நம் ஆட்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸில் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் சித்தப்பா பெரியப்பா என்று இருந்தவர்களை, இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் ஆளுக்கு ஒரு மூலையில் கொண்டுபோய் வைத்தார்கள். பழைய கோயில் தூரம், கூட்டுக் குடும்பம் இல்லை, குடி உள்ளே புகுந்தது. அந்த நேரத்தில் கூடாரம் போட்டுப் பாடியவர்களும், கராஜில் ஜெபக்கூட்டம் வைத்தவர்களும், குடிகாரப் புருஷனுக்காக அழுது ஜெபித்தவர்களும் நம் ஆட்கள். 2001 குடிக்கணக்கில் இந்திய வம்சாவளியினரில் நாலில் ஒரு பங்கு கிறிஸ்தவர்கள் என்று வந்ததற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது என்பது ஆராய்ந்தவர்கள் பலரின் கருத்து. எனக்கும் பெரும்பாலும் அப்படித்தான் தோன்றுகிறது, கூடவே கர்த்தரின் கிருபை என்பேன், அது கணக்கெடுப்பில் வராது. ஆனால் அதே கதையை உங்கள் அம்மா வேறு மாதிரிச் சொல்வார்: நாங்கள் நொடிந்து கிடந்தபோது வந்து பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு போனார்கள், வீட்டு விளக்கைச் சாத்தானின் விளக்கு என்றார்கள், சாமி படங்களைக் குப்பையில் போடச் சொன்னார்கள் என்று. அதுவும் நடந்ததுதான். நம்மவர்கள் சிலர் அப்படிப் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள்.

ஆகையால் வீட்டில் ஒரு வரம்பு வைத்துக்கொள்ளச் சொல்வேன். உங்களுக்கு என்ன நடந்தது என்று பேசுங்கள். அவர்கள் கும்பிடுவதைப் பற்றிப் பேசாதீர்கள். இது பயந்து ஒதுங்குகிற யோசனை என்று உங்கள் சபையில் யாராவது சொன்னால் அப்போஸ்தலர் 19ஐத் திறந்து காட்டுங்கள். எபேசுவில் பவுலின் பிரசங்கத்தால் சிலை வியாபாரமே ஆட்டம் கண்டு ஊர் திரண்டு கத்தியது. கடைசியில் அந்த ஊர் நிர்வாகியான சம்பிரதியே எழுந்து, பிடித்துக் கொண்டுவந்த பவுலின் தோழர்களைக் காட்டி, இவர்கள் ‘உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்களுமல்ல’ என்று சாட்சி சொல்கிறான். வருஷக்கணக்காக அந்த ஊரில் பிரசங்கித்தும் தேவியைத் திட்டினார்கள் என்று பவுலின் கூட்டத்தார் மேல் ஒரு குற்றம் சாட்ட முடியவில்லை. ஃபீனிக்ஸில் எத்தனை பேரைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்? அதே போல மாற்கு 5இல், பிசாசு நீங்கினவன் கூடவே வருகிறேன் என்றபோது இயேசு அவனை வீட்டுக்குத்தான் அனுப்பினார். கர்த்தர் உனக்குச் செய்ததை உன் இனத்தாருக்குச் சொல் என்றார். அவர்களுடைய தவறுகளைச் சொல் என்று அனுப்பவில்லை.

தீபாவளியன்று எழுந்து நின்று சாட்சி சொல்வது வேண்டாம் என்பேன். அன்றைக்கு அந்த வீட்டில் நடப்பது அவர்கள் பண்டிகை. யாராலும் எழுந்து போகவும் முடியாது, விருந்தாளிகள் முன்னால் பெரியவர்கள் பதில் சொல்லவும் முடியாது. சபையில் மைக் பிடிப்பது போல அங்கே பேசினால் அம்மாவுக்கு அவமானம்தான் மிஞ்சும். அதற்குப் பதில் பண்டிகைக்கு முன்பு, அம்மா மட்டும் இருக்கும்போது, பாத்திரம் கழுவிக்கொண்டோ பலகாரம் சுட்டுக்கொண்டோ சொல்லுங்கள்: அம்மா, எனக்கு இப்படி ஆயிற்று, இதனால் நான் மாறினேன், உங்களை விட்டு மாறவில்லை. அம்மா கேட்டால் தொடருங்கள். பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள், அடுத்த வாரமே திரும்ப ஆரம்பிக்காதீர்கள். அம்மாவாலும் உங்களை விட்டு எழுந்து போக முடியாது என்பதை மறக்க வேண்டாம். அந்தப் பலவீனத்தைத்தான் நாம் அன்பு என்ற பேரில் அதிகமாகப் பயன்படுத்திக்கொள்கிறோம்.

எங்கள் ஊரில் இன்னொரு விசித்திரம் உண்டு, வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. பெரிய வெள்ளியன்று நாம் கறுப்பும் வெள்ளையும் உடுத்தி ஆராதனைக்குப் போகும்போது, நம் சொந்தக்காரர்கள் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலிலும் மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் வரிசையில் நிற்பார்கள். தோட்டத்தில் ஈஸ்டர் விடுமுறை மட்டும் கிடைத்த காலத்தில் வந்த வழக்கம் என்பார்கள். அன்று அம்மாவைக் கோயில் வாசலில் காரில் இறக்கிவிட்டு ஆராதனைக்கு வரலாமா என்று ஒரு தம்பி என்னைக் கேட்டான். தாராளமாக, திரும்பும்போதும் ஏற்றிக்கொண்டு வா என்றேன். அதை இன்றும் மாற்றிச் சொல்ல மாட்டேன். தாயைக் கனம்பண்ணு என்பதும் கட்டளைதான்.

பலகாரத்தைப் பற்றி இங்கே விசுவாசிகள் இரண்டு பட்டிருக்கிறார்கள், இதில் முடிவான பதில் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எழுதியிருப்பது இவ்வளவு: கொரிந்தியர் முதல் நிருபம் 8ஆம் அதிகாரத்தில் விக்கிரகம் ஒன்றுமில்லை, போஜனம் நம்மைத் தேவனிடம் நெருங்கப் பண்ணாது என்கிறார் பவுல். 10ஆம் அதிகாரத்தில், அவிசுவாசி விருந்துக்குக் கூப்பிட்டால் கேள்வி கேட்காமல் வைத்ததைச் சாப்பிடு, ஆனால் இது படைத்தது என்று ஒருவன் சொன்னால் அவன் மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்கிறார். நான் பின்பற்றுவது இது. பண்டிகைத் தட்டு வீடு தேடி வந்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வேன். சமைத்த கைக்கு மரியாதை. அம்மா ‘இது சாமிக்குப் படைத்தது, நெற்றியில் வைத்துக்கொண்டு சாப்பிடு’ என்று கொடுத்தால், அம்மா, அது எனக்கு முடியாது, அடுப்பில் இருப்பதைக் கொடுங்கள், வயிறாரச் சாப்பிடுகிறேன் என்பேன். தட்டைத் தொடவே மாட்டேன் என்று முகத்தைத் திருப்புவதும், என்ன வந்தால் என்ன என்று எல்லாவற்றையும் விழுங்குவதும் இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் உங்கள் மனச்சாட்சி என்னுடையதை விடக் கூர்மையாக இருக்கலாம். அப்படியானால் சாப்பிடாதீர்கள். அம்மாவிடம் முன்பே தனியாகச் சொல்லி வையுங்கள், பந்தியில் வைத்துச் சொல்லாதீர்கள்.

சாவு வீட்டுக்கும் பதினாறாம் நாளுக்கும் போகாமல் இருந்துவிடாதீர்கள். கிரியைகளில் உங்கள் பங்கை மறுக்கலாம், நாற்காலி போடுவதையும் டீ ஊற்றுவதையும் யாரும் தடுக்க மாட்டார்கள். ‘பெரியப்பா போனபோதுகூட அவள் வரவில்லை’ என்ற சொல் விழுந்தால், அதற்கு மேல் நீங்கள் எந்த வசனம் சொன்னாலும் எடுபடாது.

மறுதலித்தவளாகி விடுவேனோ என்ற பயத்துக்கு வருகிறேன். மறுதலிப்பது என்றால், நீ அவரோடு இருந்தவளா என்று கேட்கும்போது இல்லை என்பது. யாரும் கேட்காத இடத்தில் பேசாமல் இருப்பதற்கு வேதத்தில் அந்தப் பேர் இல்லை. நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஞானஸ்நானம் எடுத்ததை மறைக்கவில்லை, வார்டிலும் கேட்டால் ஒப்புக்கொள்கிறீர்கள். வெளிப்படையாக இருப்பது அவ்வளவுதான். வாரத்துக்கு இத்தனை பேருக்குச் சொன்னாயா என்று கணக்குக் கேட்கிற சபைகளை எனக்குத் தெரியும். அந்தக் கணக்கு விசுவாசியைக் களைப்பாக்குகிறது, கேட்கிறவரை எண்ணிக்கையாக்குகிறது. உங்கள் பாஸ்டர் அப்படிக் கேட்டால் மரியாதையோடு, இந்த வாரம் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன், அதை எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். கோபித்தாரானால் எனக்கு எழுதுங்கள்.

கைப்பிரதியா? யூனிஃபார்ம் போட்டிருக்கும்வரை வேண்டாம், நோயாளியின் லாக்கரில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வருவதும் வேண்டாம். லீவு நாளில் உங்கள் சபையாரோடு கடற்கரைக்கோ சந்தைக்கோ எடுத்துப் போங்கள். கொடுப்பதற்கு முன் ஒரு தடவை நீங்களே முழுவதும் வாசித்துவிடுங்கள். இந்து தெய்வங்களைக் கேலி செய்கிற பிரதிகள் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அப்படி ஒன்று உங்கள் கைப்பிரதிக் கட்டுக்குள் வந்தால் அதை எடுத்துப் போட்டுவிட்டு மற்றதைக் கொடுங்கள்.